நிமிடத்துக்கு இரண்டரை நொடி

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.20க்கு மோட்டார் போட்டு 5.38க்கு நிறுத்தினேன். மாடித் தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம். போன வருடம் இதே மாதம் பதினைந்துதான் ஆனது. பிளம்பரிடம் சொல்ல வேண்டும். பால், காபி, செய்தித்தாள். எட்டே முக்காலுக்குக் கல்லூரி. இரண்டு வகுப்பு, ஓர் ஆய்வகம், ஒன்றும் முடிவாகாத ஒரு கூட்டம். மாலை 4.50க்கு வீட்டுக் கதவைத் திறந்தபோது வினிகர் வாடை வந்து மூக்கில் ஏறியது.

மகள் சமையலறையில் சின்ன வெங்காயத்தை உரித்துக் கண்ணாடிச் சீசாவில் வினிகர் ஊற்றி ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

"என்னம்மா, வாட பிடிக்கலையா?"

"இல்ல, செவ்வாய்க் கிரகம் ஞாபகம் வந்துட்டு."

என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். இருபத்திரண்டு வருடமாக என்னோடு இருக்கிறாள். விளக்கம் கேட்டால் அரை மணி நேரம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது அல்லவா, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

சினிமாவில் சத்தத்தை வெட்டி ஒட்டுவதற்கு அந்தக் காலத்தில் மேக்னடிக் பிலிம் என்று ஒன்று இருந்தது. படச்சுருள் போலவே ஓரத்தில் துளைகள் இருக்கும். படம் இருக்கவேண்டிய இடத்தில் டேப் ரெக்கார்டர் நாடாவுக்கு உள்ள பழுப்புப் பூச்சு. புதுச் சுருளுக்கு வாடை கிடையாது. வேறு யாரோ பயன்படுத்தி, அழித்து, மறுபடி விலைக்கு வந்த பழைய சுருள்தான் வினிகர் போலப் புளித்து நாறும். 1996 நவம்பரில் மேலப்பாளையத்தில் மைதீன் அண்ணாச்சி வீட்டு மாடியறை முழுக்க அந்த வாடைதான். நான் செய்த தவறுகளிலேயே மிகத் துல்லியமானதை அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

மைதீன் அண்ணாச்சி பதினொரு வருடம் துபாயில் டிவி, ரேடியோக் கடை வைத்திருந்தவர். கூட்டம் இல்லாத நேரமெல்லாம் விண்வெளிப் படக் கேசட்டுகளாகப் பார்த்துத் தள்ளியிருக்கிறார். ஊர் திரும்பியதும் எல்லோரையும் போல வீடு கட்டினார். பிறகு யாரையும் போல இல்லாமல் ஒரு விண்வெளிப் படம் எடுத்தார். கதை, இயக்கம், தயாரிப்பு எல்லாம் அவரே. மூன்று பேர் செவ்வாய்க்குப் போகிறார்கள். திரும்பி வர இரண்டு பேருக்குத்தான் எரிபொருள் மிச்சம் இருக்கிறது. மூன்றாமவன் தங்கிவிடுகிறான். அவ்வளவுதான் கதை. படத்தின் பெயர் மட்டும் மூன்று தரம் மாறியது.

செவ்வாய்க்காக அவர் எங்கும் அலையவில்லை. குலசேகரன்பட்டினம் போகும் வழியில் தேரிக்காடு இருக்கிறது. செக்கச்செவேலென்று மணல், கண்ணுக்கெட்டும்வரை மேடும் பள்ளமும். பனைமரம் விழாமல் கேமராவை வைத்தால் போதும். வெள்ளித்தாள் ஒட்டிய ஒட்டுப்பலகைக் கலத்தை லாரியில் கொண்டுபோய் அங்கே இறக்கினார்கள். நாலாவது ரீலில் வலது ஓரத்தில் ஓர் ஆடு நடந்துபோகும். எடுக்கும்போது யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது கலத்தைப் பிரித்து ஊருக்குக் கொண்டுவந்தாகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மெட்ராஸ் போன மனிதர் இசைக்கு மட்டும் போகமாட்டேன் என்றார். முந்தின கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு நண்பர் அழைத்து, கோயிலில் எங்கள் பாடகர் குழுவையும் வயலின்காரர்களையும் கேட்டிருக்கிறார். அதை நடத்தியவர் என் அக்கா வீட்டுக்காரர், தேவசகாயம் அத்தான். வார நாட்களில் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கொயர் மாஸ்டர். அன்றைய பாளையங்கோட்டையில் ஐந்து கோட்டு இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ், ரயில்வே குமாஸ்தா, கணக்கு டீச்சர் என்று ஆளுக்கொரு வேலை, சாயங்காலமானால் வயலின்.

அக்கா வீட்டு முன்னறையில் அவர் வந்து கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"மாஸ்டர், இப்ப எல்லாவனும் கீபோர்டுலயே முடிச்சிருதான். எனக்கு அது வேண்டாம். உங்க ஆளுவ இருவது பேரு சேந்து வில்லை இழுக்கணும். வானம்னா எனக்கு அப்படிக் கேக்கணும்."

"நான் சொந்தமா எழுதுனதே இல்லியே அண்ணாச்சி. அடுத்தவங்க எழுதுனத வாசிக்க வைப்பேன், அவ்வளவுதான்."

"அப்ப இது மொதல்ல எழுதுனதா இருக்கட்டும், இன்ஷா அல்லா."

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "ஒத்துக்கிடுங்க. இருவது வருசமா குளிக்கையில எழுதிக்கிட்டுதான இருக்கிய."

அத்தானுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஒத்துக்கொண்டார். ஆனால் விநியோகஸ்தர் ஒரு நிபந்தனை வைத்தார். சத்தங்களை எல்லாம் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங் வேலைக்கு மெட்ராஸில் நவம்பர் 25, திங்கட்கிழமை தியேட்டர் கிடைத்திருந்தது. அதைத் தவறவிட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ தெரியாது. அதற்குள் இசை தயாராகிப் படத்தோடு பொருந்தாவிட்டால், அங்கே ஒரு கீபோர்டுக்காரர் இரண்டே நாளில் மொத்தப் படத்துக்கும் வாசித்துத் தந்துவிடுவார். ஊர்க்காரர்கள் வாசித்ததை ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான்.

இங்கேதான் நான் வருகிறேன். எனக்கு அப்போது இருபத்திநாலு வயது. கல்லூரியில் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பின்னணி இசைக்கு முதல் தேவை நேரம்: கலத்தின் கதவு எத்தனையாவது நொடியில் திறக்கிறது, இவன் எப்போது திரும்புகிறான், அவள் எப்போது அழத் தொடங்குகிறாள். அதற்காகப் படத்தை வீடியோ கேசட்டாக்கி அண்ணாச்சி அனுப்பியிருந்தார். துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, ஆய்வகத்து ஸ்டாப்வாட்சைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு காட்சியையும் மூன்று தரம் அளந்து சராசரி எடுத்தேன். ரீலுக்கு ஒரு தாள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. "ஆடு நுழைகிறது: 2 நிமிடம் 14.6 நொடி. ஆடு மறைகிறது: 2 நிமிடம் 19.2 நொடி." அத்தான் அந்த இடத்தில் முரசுக்காரருக்குப் பெரிய அடி ஒன்று எழுதிக் கொடுத்தார். மனிதர்கள் சத்தம் வரும் பக்கம்தான் பார்ப்பார்கள் என்பது அவர் நம்பிக்கை.

இசையை எழுதுவதில் இவ்வளவு கணக்கு இருக்கிறது என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. நிமிடத்துக்கு அறுபது தட்டு என்றால் நொடிக்கு ஒன்று. நாலு தட்டு சேர்ந்தால் ஒரு பார். நாற்பத்தெட்டாவது நொடியில் கதவு திறக்கிறது என்றால், பன்னிரண்டு பார் முடிந்து பதின்மூன்றாவது பாரின் முதல் தட்டில் வயலின்கள் மேலே ஏற வேண்டும். நான் தாளைப் பார்த்து எண் சொல்வேன். அவர் தாளம் காட்டும் மெட்ரோனோமைத் தட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலால் தொடையில் தட்டுவார். எனக்கு அது ஒரு சோதனைக்கு அட்டவணை தயாரிப்பது போலத்தான் இருந்தது. அவருக்கு வேறு எப்படியோ இருந்திருக்க வேண்டும், சில நேரம் பென்சிலை வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வருவார்.

ஒரு நாள் நான் புத்திசாலித்தனமாக, "அத்தான், அங்க காத்து இருந்தும் இல்லாத மாதிரிதான். சத்தமே கேக்காது. வயலின் எப்படி?" என்றேன்.

"வெளிய கேக்காதுளா. உடுப்புக்குள்ள ஒருத்தன் இருக்காம்லா, அவனுக்குக் கேக்கட்டும்."

கோயில் பழக்கம் அவரை விடவில்லை. எந்தப் பகுதியை எழுதினாலும் கடைசி இரண்டு சுரச் சேர்க்கையும் தானாகப் போய் ஆமென் என்று உட்கார்ந்துவிடும். ஹார்மோனியத்தில் வாசித்துக் காட்டியபோது அண்ணாச்சி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். ஆனா ராக்கெட்டு இறங்குத ஒவ்வொரு தடவையும் ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு." மொத்தம் இருபத்திமூன்று பகுதிகள். பதினாலு ஆமென்களை அத்தான் அழித்து எழுதினார்.

கடைசி ரீல்தான் அவர் உயிரைக் கொடுத்து எழுதியது. இரண்டு பேர் கலத்துக்குள் போகிறார்கள். தங்கப்போகிறவன் மணலில் உட்கார்ந்து மவுத் ஆர்கன் வாசிக்கிறான். அது தேரிக்காட்டில் படம் எடுத்தபோதே பதிவான சத்தம், மாற்ற முடியாது. அதற்கு அடியில் பைய ஆர்கெஸ்ட்ரா சேர்ந்துகொண்டு, நாலு நிமிடம் பத்து நொடியில் கலத்தின் கதவு மூடும்போது முடிய வேண்டும். அத்தான் கேசட்டை ஓடவிட்டு ஹார்மோனியத்தை அமுக்கிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"இது ஏறிக் கெடக்குளா. வெள்ளக் கட்டையிலயும் இல்ல, பக்கத்துக் கறுப்புக் கட்டையிலயும் இல்ல. கறுப்புக்குக் கொஞ்சம் கீழ நிக்கி. மவுத் ஆர்கன் எப்படி இப்படி ஏறும்?"

நான் யோசிக்கவே இல்லை. தேரிக்காட்டு வெயில், பித்தளை நாக்குகள், வெப்பத்தால் ஏற்படும் மாறுதல் என்று மூன்றே வாக்கியத்தில் விளக்கினேன். உலோகம் சூடானால் சுருதி இறங்குமே தவிர ஏறாது என்று வருடா வருடம் மாணவிகளுக்கு இசைக்கவையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தவள் நான்தான். அத்தான் நம்பினார். படித்தவள் சொல்கிறாள் என்று.

நவம்பர் 16, சனிக்கிழமை, ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஒலிப்பதிவு. எதிரொலி அடிக்கக் கூடாது என்று பத்தமடையிலிருந்து நாற்பது கோரைப் பாய் வரவழைத்துச் சுவரெல்லாம் தொங்கவிட்டிருந்தார்கள். ஹாலுக்குள் கோரை வாசனை. மின்விசிறி போடக் கூடாது. பத்தொன்பது பேரும் வியர்த்து வழிந்தபடி, கேசட்டில் கேட்ட மவுத் ஆர்கனுக்குத் தங்கள் கம்பிகளை முறுக்கி ஏற்றினார்கள். முதல் அரை மணி நேரத்தில் ஐந்து கம்பி அறுந்தது. டபுள் பாஸ் வாசிக்கும் ஞானமுத்து தபால் ஆபீஸ்காரர். ஆள் பெரியவர், வாத்தியம் அவரைவிடப் பெரியது, கோபம் அதைவிடப் பெரியது.

"ஏன்வே தேவசகாயம், ஒத்த மவுத் ஆர்கனுக்காவ நாங்க பத்தொம்பது பேரும் ஏறணுமா? அவன எறங்கி வரச்சொல்லும்வே."

"அவன் செவ்வாயில இருக்கான்வே. எங்கன எறங்க?"

ஹாலே சிரித்தது. அன்று முழுவதும் அந்த ஏற்றின சுருதியிலேயே இருபத்திமூன்று பகுதிகளையும் வாசித்தார்கள். அத்தானுக்கு முன்னால் டிவி. டிவிக்குப் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நான். கடைசிப் பகுதி மூன்றாவது முயற்சியில் அமைந்தது. கதவு மூடியதும் வில்கள் நின்றதும் ஒரே கணம். யாரும் சொல்லாமலே எல்லோரும் கை தட்டினார்கள். டைரியில் அன்று "வித்தியாசம்: பூஜ்யம்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். இப்போதும் அந்தக் கோட்டைப் பார்த்தால் காது சூடாகிறது.

எடிட்டர் சண்முகம் சேரன்மகாதேவிக்காரர். மெட்ராஸில் பத்து வருடம் உதவியாளராக இருந்தவர். கேசட் வந்தபோதும் நாங்கள் அளந்தபோதும் ஊரில் இல்லை. பதிவான நாடாவை மெட்ராஸுக்குக் கொண்டுபோய், நான் சொன்ன அந்தப் புளித்த மேக்னடிக் பிலிமில் ஏற்றி, இரண்டையும் எடுத்துக்கொண்டு, 21ஆம் தேதி வியாழக்கிழமை காலை மேலப்பாளையம் வந்து சேர்ந்தார். அண்ணாச்சி வீட்டு மாடியில் பழைய எடிட்டிங் மேசை ஒன்று வாங்கிப் போட்டிருந்தது. ஒரு பக்கம் படம் ஓடும், இன்னொரு பக்கம் ஒரே ஒரு சத்தச் சுருள் ஓடும். நான் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அத்தானும் வந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில்.

சண்முகம் கடைசி ரீலை மாட்டி இசையை ஓடவிட்டார். வயலின்கள் ஏறின, இறங்கின. கடைசிச் சேர்க்கை நீண்டு, தேய்ந்து, அடங்கியது. திரையில் அவன் இன்னும் மணலில் உட்கார்ந்திருந்தான். கதவு மூடவில்லை. நாங்கள் நால்வரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். எந்தச் சத்தமும் இல்லாமல் பத்து நொடி கழித்துக் கதவு மெல்ல மூடியது.

"டீச்சர்," என்றார் சண்முகம். "நேரம் எதப் பாத்து அளந்தீய?"

"கேசட்டுலதான். மூணு தரம் அளந்தேன்."

அவர் கையிலிருந்த மஞ்சள் பென்சிலைக் கீழே வைத்தார். "முப்பது தரம் அளந்தாலும் அப்படித்தான் வரும். சினிமா நொடிக்கு இருவத்திநாலு படம். கேசட்டுல ஏத்துனா டிவியில இருவத்தஞ்சா ஓடும். நீங்க பாத்த எல்லாமே கொஞ்சம் வேகமா ஓடியிருக்கு. நிமிசத்துக்கு ரெண்டர நொடி."

நாலு நிமிடம் பத்து நொடிக்குப் பத்தே கால் நொடிக்கு மேல். என் மனக்கணக்கு என்னைக் கேட்காமலே போட்டு முடித்துவிட்டது. நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை பிசகாமல் அளந்தவள், எதை அளக்கிறேன் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

"தப்பு என்னுதுதான் அத்தான்."

"நானும் அந்த டிவியத்தானளா பாத்தேன்," என்றார் அவர்.

சண்முகம் கெட்டிக்காரர். இரண்டாவது ரீலின் சின்னப் பகுதி ஒன்றை எடுத்து, பிளேடால் வெட்டி, இடைவெளியை அடைக்கச் சில இடங்களைத் திரும்ப ஒட்டி, முக்கால் மணி நேரத்தில் பொருத்திக் காட்டினார். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அத்தான் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு விரலைத் தூக்கினார்.

"எட்டாவது பார ரெண்டு தரம் வச்சிருக்க."

"தெரியுதா மாஸ்டர்?"

"பேசிக்கிட்டே இருக்கவன் நடுவுல திக்குனா தெரியாதா?"

"அப்ப ஒண்ணு செய்யலாம். நாடாவ மெதுவா ஓட்டி மறுபடி ஏத்தலாம். நேரம் சரியாயிரும். ஆனா சுருதி எறங்கிரும்."

"எறங்குனா மவுத் ஆர்கனோட சேராதே."

"சேராது."

அத்தான் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு மைதீன் அண்ணாச்சியிடம், "மெட்ராஸ்காரர வாசிக்கச் சொல்லிருங்க. எம் பேரச் சொல்லி உங்க படம் கெடக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அண்ணாச்சி விடவில்லை. பின்னாலேயே போய், "மொதல்ல சாப்பிடுங்க மாஸ்டர்," என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். கீழே அவர் வீட்டில் தக்கடி செய்திருந்தார்கள், ஆட்டுக்கறியில் வேகவைத்த அரிசிமாவு உருண்டை. நான் மேலேயே இருந்தேன்.

சண்முகம் என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டு ஏதாவது செய்யவேண்டுமே என்று, கடைசி ரீலுக்கு மவுத் ஆர்கன் சுருளை மாட்டி ஓடவிட்டார். அதுவரை அந்த மேசையில் நாங்கள் அதைக் கேட்டிருக்கவில்லை. ஒரு சுருள்தானே ஓடும். பாதி ஓடியிருக்கும். கீழே முற்றத்துக் குழாயடியிலிருந்து அத்தான் குரல் வந்தது.

"சம்முவம், இது எந்த மவுத் ஆர்கன்?"

"அதேதான் மாஸ்டர்."

"இல்லவே. இது எறங்கியிருக்கு."

ஈரக் கையோடு படியேறி வந்தார். சட்டைப் பையிலிருந்து இசைக்கவையை எடுத்து முழங்காலில் தட்டிக் காதில் வைத்தார். மவுத் ஆர்கன் அதன் சரியான சுருதியில் இருந்தது. எந்த வெயிலும் அதை ஒன்றும் செய்திருக்கவில்லை. கேசட்தான் அதை வேகமாக ஓட்டி ஏற்றிவிட்டிருந்தது. நான் என் அழகான தாள் ஒன்றைப் பின்பக்கம் திருப்பினேன். இருபத்தைந்தின் கீழ் இருபத்திநாலு. நேரத்துக்கும் அதே, சுருதிக்கும் அதே.

"அத்தான், கேசட்டு ஏத்துன அளவுக்குத்தான நீங்க கம்பிய ஏத்துனீய? இப்ப நம்ம நாடாவ அதே அளவுக்கு மெதுவாக்குனா..."

"பைய சொல்லு."

மறுபடி சொன்னேன். முடிப்பதற்குள் அவர் முடித்தார். "எறங்கி அவன்கிட்ட வந்து நிக்கும்."

ஒலிப்பதிவுக்கு வாடகைக்கு வந்த நாடா இயந்திரம் திங்கட்கிழமை மெட்ராஸ் திரும்புவதற்காக அறை மூலையில் மூடி வைத்திருந்தது. அதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. தொடவே கூடாது என்று ஒலிப்பதிவாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்; தொட்டோம். ஒரு நிமிடப் பகுதி அறுபத்திரண்டரை நொடியில் ஓட வேண்டும். திருப்பி, அளந்து, திருப்பி, அளந்து, ஆறாவது தரம் வந்தது. மேசையில் மவுத் ஆர்கன், மூலையில் ஆர்கெஸ்ட்ரா. சண்முகம் ஒன்றையும் நான் ஒன்றையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டோம்.

அவன் தனியாக வாசித்தான். பிறகு அடியில் வயலின்கள் வந்தன. எப்போது வந்தன என்று தெரியாத மாதிரி வந்தன. ஓர் இழைகூட உரசவில்லை. சுருதி இறங்கியதில் வயலின்களின் குரல் கொஞ்சம் கனத்து, கொஞ்சம் வயதாகியிருந்தது. கதவு மூடியது, ஞானமுத்துவின் கடைசி வில் நின்றது. மைதீன் அண்ணாச்சி மெதுவாக "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"ஒரு வெட்டுகூட வேண்டாம் மாஸ்டர்," என்றார் சண்முகம்.

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். "நான் எழுதுனத விட நல்லா இருக்கு," என்றார். "இன்னொரு தரம் போடு."

நாலு தரம் போட்டோம். மற்ற இருபத்திரண்டு பகுதிகளும் அந்தக் குமிழின் அதே நிலையிலேயே பொருந்தின. எல்லாவற்றிலும் ஒரே தவறைச் செய்திருந்தோம் அல்லவா. திங்கட்கிழமை மெட்ராஸில் மிக்ஸிங் முடிந்தது.

படம் திருநெல்வேலியில் நாலு நாள் ஓடியது. நாலு நாளும் போனேன். ஆட்டை யாரும் பார்க்கவில்லை. பிரதி எங்கே போனதென்று தெரியவில்லை; கேசட் பூஞ்சை பிடித்துவிட்டது. அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை. எடிட்டிங் மேசையைப் பழைய இரும்புக்குப் போட்டதாகச் சண்முகம் சொன்னார். தேரிக்காட்டுப் பக்கம் நிஜமாகவே ராக்கெட் தளம் வரப்போகிறதாம். அண்ணாச்சி இருந்திருந்தால் முதல் ஆளாகப் போய் நின்றிருப்பார். அத்தான் பிறகும் எழுதினார், நிறைய எழுதினார். இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பத்தொன்பது பேரில் இப்போது ஊரில் இருப்பவர்கள் மூன்று பேர். சாயங்காலம் தெருவில் நடந்தால் வயலின் கேட்பதில்லை. இருபத்தைந்தும் இருபத்திநாலும் இன்று கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான், என் மாணவிகளுக்கு இதில் என்ன கஷ்டம் என்றே புரியாது. புரியவேண்டியதும் இல்லை. எனக்குக் கிடைத்தது வேறு. நான் பிசகியபோது அந்த அறையில் என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று வகுப்பில் சொல்ல அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது.

1996 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. டைரியின் முதல் வரி: "காலை 6.10. அத்தான் சைக்கிளில் வந்தார்." மறுபடி பதிவு செய்யவேண்டி வந்தால், இறக்கின கம்பியைத் திரும்ப ஏற்றும்போது அறுந்துவிடும் என்று பயந்து, ஆறு நாளாகப் பத்தொன்பது பேரையும் வாத்தியத்தைத் தொடவே கூடாது என்று கட்டளை போட்டிருந்தாராம். நானும் என் சைக்கிளை எடுத்துக்கொண்டேன். முதலில் ஞானமுத்து வீடு. வாயில் பிரஷ்ஷோடு வந்து கதவைத் திறந்தார்.

"எறக்கிரும்வே. முடிஞ்சிட்டு."

"நல்லதாப் போச்சு. எப்ப அறுந்து மூஞ்சில அடிக்குமோன்னு வீட்டுல ஒருத்தரும் அந்த ரூம் பக்கமே போகல."

உள்ளே போய்த் தடித்த கம்பியின் முளையைத் திருப்பினார். அது பெருமூச்சு மாதிரி முனகிக்கொண்டே இறங்கியது. 6.40க்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினோம்.